துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம்: வைரஸ் தின்ற கணக்குத் தாள்களின் கதை



1999 ஏப்ரல் 26, ஒரு திங்கட்கிழமை. எனக்கு அப்போது 11 வயது. பள்ளிக்கூடம் விட்டு ஸ்காபுரோ வீட்டுக்கு வந்து பேஸ்மென்றுக்குள் இறங்கினேன். பெரியப்பா கணினிக்கு முன்னால் இருந்தார். திரை கறுப்பு. அவர் பொத்தானை அமத்துவார், விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், பிறகு ஒன்றுமே வராது. மறுபடி அமத்துவார்.

பெரியப்பா ஊரில் தபாலதிபராக இருந்தவர். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆட்கள் வன்னி, கொழும்பு, சென்னை, இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று சிதறிப் போனார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கனடா வந்த பெரியப்பா கடிதம் எழுதியும் ஃபோன் எடுத்தும் ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப்பிடித்தார். அப்பா கணினி வாங்கியதும் அந்த விலாசங்களை எல்லாம் ஒரு எக்செல் தாளில் போட்டார். தமிழ் எழுத்துக்கு அப்போது ‘பாமினி’ என்ற எழுத்துரு. எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்து, இரண்டு விரலால் தட்டினார். 412 குடும்பங்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த எண்ணைச் சொல்லிக் காட்டுவார்.

இரண்டு நாள் கழித்துக் கணினிக் கடையில் வேலை செய்த ஒரு அண்ணா வந்து பார்த்தார். “வைரஸ் அங்கிள். எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டால் சரி” என்றார். “அப்ப என்ர லிஸ்ற்?” என்று பெரியப்பா கேட்டார். “அது போட்டுது அங்கிள்.” 60 டொலர் வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் துடைத்துக் கொடுத்தார். கணினி நன்றாக வேலை செய்தது. பட்டியல் இல்லை.

இன்று நான் ஒரு ஐ.ரி. ஆலோசகர். கெட்டுப்போன கோப்புகளை மீட்டுக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த நாளைப் பற்றிப் பிற்காலத்தில் படித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விடயம் விளங்கியது. பெரியப்பாவின் பட்டியல் அந்தத் திங்கட்கிழமை அழியவில்லை. அது அழிந்தது புதன்கிழமை, அந்த அண்ணா துடைத்தபோது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கணினி வைரஸ்களின் வரலாற்றில் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது.

வீடு இருக்கிறது, விலாசம் இல்லை

முதலில் ஒரு கோப்பு வன்தட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வன்தட்டை ஒரு பெரிய ஊர் என்று நினையுங்கள். அதில் ஒரே அளவான இலட்சக்கணக்கான சிறு வீடுகள். உங்கள் எக்செல் கோப்பு ஒரு வீட்டுக்குள் அடங்காது. அதைத் துண்டு துண்டாக வெட்டி ஐம்பது, நூறு வீடுகளில் வைப்பார்கள். எந்தக் கோப்பு எந்த வீட்டில் தொடங்குகிறது, அங்கிருந்து அடுத்த வீடு எது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். பெரியப்பாவின் தபாற்கந்தோரில் இருந்த விலாசப் பதிவேடு மாதிரித்தான். அந்தக் கால விண்டோஸில் இந்தப் பதிவேட்டுக்கு ‘ஃபாட்’ என்று பெயர்.

இப்போது யாரோ அந்தப் பதிவேட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். வீடுகள் இடிந்துவிட்டனவா? இல்லை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், சாமான் இருக்கிறது. யார் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. கணினி பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லை” என்று சொல்லிவிடும்.

1999 ஏப்ரல் 26 அன்று உலகம் முழுவதும் நடந்தது ஏறக்குறைய இதுதான். அந்த வைரஸின் பெயர் சீ.ஐ.எச். தாய்வானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் 1998இல் எழுதியது. பெயர் அவருடைய முதலெழுத்துகள்தான். விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் துண்டு துண்டாக நுழைத்துக்கொள்ளும். அதனால் கோப்பின் அளவு கூடாது, ஆருக்கும் சந்தேகம் வராது. களவாகப் பிரதி எடுத்த விளையாட்டு சீ.டி.க்கள் வழியாகவும் அது நிறையப் பரவியது. எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் கூட்டாளியிடம் இரவல் வாங்கிய கார்ப் பந்தய சீ.டி.யில்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். பெரியப்பாவிடம் அதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

அது பல மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஏப்ரல் 26 அன்று எழும்பியது. அதே திகதியில்தான் 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதனால் பத்திரிகைகள் அதைச் ‘செர்னோபில் வைரஸ்’ என்றன. தென்கொரியா, துருக்கி, இந்தியா, வங்காளதேசம் போன்ற நாடுகள் பலமாக அடிபட்டன. அது இரண்டு வேலை செய்தது. சில கணினிகளின் தாய்ப்பலகையில் இருந்த தொடக்க நிரலை அழித்தது. அடுத்ததாக, வன்தட்டின் முதல் 1 மெகாபைட்டைப் பூச்சியங்களால் நிரப்பியது.

கவனியுங்கள், முதல் 1 மெகாபைட் மட்டும்தான். அப்பா பத்திரப்படுத்திய பற்றுச்சீட்டின்படி எங்கள் வன்தட்டு 4.3 ஜிபி. அதாவது நாலாயிரத்துக்கு மேற்பட்ட மெகாபைட்டில் ஒன்று. ஆனால் அந்த முதல் ஒன்றில்தான் பதிவேட்டின் தொடக்கம் இருக்கிறது.

இனித்தான் முக்கியமான விடயம். ஃபாட் முறையை வடிவமைத்தவர்கள் பதிவேட்டுக்கு ஒரு பிரதி வைத்திருந்தார்கள். வைரஸுக்காக அல்ல, வன்தட்டில் பழுது வந்தால் உதவட்டும் என்று. விண்டோஸ் 98 பயன்படுத்திய ஃபாட்32 முறையில், எங்கள் அளவு வன்தட்டில் பதிவேடு சுமார் 4 மெகாபைட் நீளம். முதற் பதிவேட்டின் காற்பங்கைத்தான் வைரஸ் அழித்திருக்கும். அதற்குப் பின்னால் இருந்த இரண்டாவது பதிவேட்டில் அதன் கை படவே இல்லை. பழைய ஃபாட்16 வன்தட்டுகளில்தான் பாவம், பதிவேடு சின்னது. இரண்டு பிரதியும் முதல் மெகாபைட்டுக்குள் அடங்கி இரண்டுமே போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்பவர் ‘ஃபிக்ஸ்-சீ.ஐ.எச்.’ என்ற சிறிய நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். வங்காளதேசத்தில் ஒரு மாணவர் ‘எம்ரெக்கவர்’ என்ற நிரலை எழுதினார். இரண்டாவது பதிவேட்டைத் தேடிப்பிடித்து, முதலாவதின் இடத்தில் எழுதி, வன்தட்டின் பிரிவுகளைக் கணக்குப் போட்டு மறுபடி அமைத்தால் விண்டோஸ் எழும்பிவிடும். கோப்புகளும் அப்படியே இருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அதற்குள் வன்தட்டைத் துடைத்திருக்கக் கூடாது. துடைத்தால் இரண்டாவது பதிவேடும் போய்விடும். மேலே விண்டோஸைப் புதிதாகப் போட்டால் வீடுகளுக்குள் வேறு ஆட்கள் குடியேறிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அந்த அண்ணாவை நான் குறை சொல்லவில்லை. அந்த வாரம் உலகம் முழுக்க எத்தனையோ அண்ணாமார் அதையேதான் செய்தார்கள்.

இதற்கு முன்பும் நடந்தது

சீ.ஐ.எச்.சுக்குப் பத்து வருடம் பின்னால் போவோம். 1989 டிசம்பரில் சுமார் 20,000 புளொப்பிகள் இலண்டனில் இருந்து தபாலில் பல நாடுகளுக்குப் போயின. எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதியிருந்தது. ஒரு கணினிச் சஞ்சிகையின் சந்தாதாரர்களுக்கும், எயிட்ஸ் மாநாடு ஒன்றுக்குப் போனவர்களுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. கணினியில் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. அது கணினி எத்தனை முறை தொடங்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 90 முறை ஆனதும் கோப்புகள் எல்லாம் காணாமல் போகும். பனாமாவில் உள்ள ஒரு தபாற்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பு என்று திரையில் ஒரு கடிதம் வரும். இன்று நாங்கள் கப்பம் கேட்கும் வைரஸ் என்று சொல்கிறோமே, அதன் பாட்டன் இதுதான்.

அந்தக் காலத்தில் விரிதாள் என்றால் லோட்டஸ் 1-2-3. தனிநபர் கணினிகளுக்கான முதல் விரிதாள் நிரலான விசிகல்க் 1979இல் வந்தது, லோட்டஸ் 1983இல். அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் கணக்கைக் கொப்பியில் இருந்து கணினிக்கு மாற்றிய காலம் அது. திரையைப் பார்த்துப் பதறிப்போய் வன்தட்டைத் துடைத்தவர்கள் உண்டு. ஆனால் ஜிம் பேட்ஸ் என்ற பிரித்தானிய நிபுணர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அது கோப்புகளின் உள்ளே கையே வைக்கவில்லை! கோப்புகளின் பெயர்களை மட்டும்தான் மாற்றிக் குழப்பியிருந்தது. அவர் எழுதிய இலவச நிரல் பெயர்களைத் திருப்பிக் கொடுத்தது. துடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு எல்லாமே திரும்பக் கிடைத்தது. துடைத்தவர்களுக்கு அந்த நிரலால் ஒரு பயனும் இல்லை.

1994இல் சிலோவாக்கியாவில் இருந்து ‘வன் ஹாஃப்’ என்று ஒரு வைரஸ் வந்தது. இது பொல்லாத மூளை. கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வன்தட்டின் கடைசியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டு வரும். ஆனால் நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் வைரஸே அதைத் திறந்து காட்டும். அதனால் எதுவும் நடந்ததாகத் தெரியாது. பாதி வன்தட்டு பூட்டுப்பட்ட பிறகுதான் ‘இது ஒரு பாதி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். சாவி எங்கே? வைரஸின் வயிற்றுக்குள். ‘வைரஸைப் பிடித்துவிட்டேன்’ என்று சந்தோஷமாக அதை அழித்தவர்கள் சாவியையும் சேர்த்து அழித்தார்கள். முதலில் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, அதற்குப் பிறகுதான் வைரஸை அழிக்க வேண்டும். நல்ல வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் அப்படித்தான் செய்தன.

எக்செல்லைத் தேடி வந்தவை

இதுவரை சொன்னவை வன்தட்டைத் தாக்கியவை. எக்செல் கோப்புக்குள்ளேயே குடியிருக்கும் முதல் வைரஸ் 1996 யூலையில் பிடிபட்டது. அதன் பெயர் லாரூ. அலாஸ்காவிலும் தென்னாபிரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். எக்செல்லில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ‘மேக்ரோ’ என்ற குட்டி நிரல்களை எழுதலாம். லாரூ அந்த மேக்ரோவாகத்தான் வந்தது. ஒளித்து வைத்த ஒரு தாளில் குந்தியிருந்து, நீங்கள் திறக்கும் மற்றக் கோப்புகளுக்கும் தாவும். அது எதையும் அழிக்கவில்லை. ஆனால் பின்னால் வந்தவற்றில் சில, கலங்களில் இருந்த எண்களைச் சிறிதளவு மாற்றின. 1,250 என்று நீங்கள் போட்டது 1,270 என்று மாறினால் உங்களுக்குத் தெரியுமா? கோப்பு நன்றாகத் திறக்கும், கூட்டுத்தொகை சரியாக வரும், கணக்கு மட்டும் பொய்.

இந்த விதமான சேதத்தில் வைரஸை அழிப்பது சின்ன வேலை. எப்போது மாறத் தொடங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அதற்குப் பழைய பிரதிகள் வேண்டும், நேற்றையது மட்டுமல்ல, போன மாதத்தது, போன வருடத்தது. 1989இல் பல்கேரியாவில் எழுதப்பட்ட ‘டார்க் அவெஞ்சர்’ என்ற வைரஸ் இந்தப் பாடத்தை முன்பே சொல்லியிருந்தது. தொற்றிய நிரலை ஓட்டும் ஒவ்வொரு பதினாறாவது முறையும் வன்தட்டில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சிறு துண்டை அழிக்கும். பல வாரம் கழித்துக் கண்டுபிடிக்கும்போது, இடையில் எடுத்த பிரதிகளிலும் அதே ஓட்டைகள் இருக்கும்.

சீ.ஐ.எச். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1999 யூனில் ‘எக்ஸ்புளோர்சிப்’ வந்தது. ஈமெயிலில் வரும், தெரிந்த ஆள் பதில் போட்ட மாதிரியே இருக்கும். இணைப்பைத் திறந்தால் போச்சு. எக்செல், வேர்ட், பவர்பொயின்ட் கோப்புகளைத் தேடித்தேடி அவற்றின் அளவைப் பூச்சியம் ஆக்கும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் வெறுமை. அது கோப்பை ‘அழிக்கவில்லை’ என்பதால் குப்பைத்தொட்டியிலும் இருக்காது. அலுவலக வலையமைப்பில் பகிர்ந்து வைத்த கோப்புகளையும் விடவில்லை.

இங்கேயும் நடந்தது பதிவேட்டு மோசடிதான். ‘இந்தக் கோப்பின் நீளம் பூச்சியம்’ என்று பதிவேட்டில் எழுதியது. பழைய தரவு வன்தட்டில் அப்படியே கிடந்தது. பழைய எக்செல் கோப்பு ஒவ்வொன்றும் ஒரே எட்டு பைட்டுகளுடன் தொடங்கும், ஒரு முத்திரை மாதிரி. மீட்பு நிரல்கள் வன்தட்டு முழுவதையும் வீடு வீடாகத் தட்டி, அந்த முத்திரை உள்ள இடத்தில் இருந்து அடுத்தடுத்த வீடுகளைச் சேர்த்து எடுக்கும். துண்டுகள் வரிசையாக இருந்தால் முழுக் கோப்பும் வரும், சிதறியிருந்தால் பாதி வரும். ஆனால் கணினியைத் தொடர்ந்து பாவித்தால்? ‘காலி’ என்று எழுதப்பட்ட வீடுகளில் புதுக் கோப்புகள் வந்து ஏறும். மீட்பு நிரலையே அதே வன்தட்டில் இறக்கி, தேடும் கோப்பின் மேல் எழுதிவிட்ட ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

2006இல் வந்த ‘நிக்செம்’ இந்த ஓட்டையையும் அடைத்தது. ஒவ்வொரு மாதமும் 3ஆம் திகதி, எக்செல் உட்படப் பதினொரு வகைக் கோப்புகளின் உள்ளடக்கத்தின் மேலேயே ‘டேட்டா எரர்’ என்று தொடங்கும் ஒரு சின்ன வரியை எழுதியது. பெப்ரவரி 3தான் முதல் நாள். தொற்றிய கணினிகள் அதிகம் இருந்த நாடுகளில் இந்தியாவும் பெருவும் முன்னணியில் நின்றன. ஆனால் இந்தத் தடவை திகதி முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இத்தாலியில் மிலான் நகர நிர்வாகம் அன்று சுமார் 10,000 கணினிகளை நிறுத்தி வைத்தது. பயந்த அளவுக்குப் பெரிய அழிவு நடக்கவில்லை.

கடைசியாக, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கக்கூடியது: 2017 மே 12, ‘வன்னாக்ரை’. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. இது பதிவேட்டைக் கிழிக்கும் வைரஸ் அல்ல. கோப்புகளின் உள்ளடக்கத்தையே கணிதத்தால் பூட்டி, 300 டொலர் கேட்டது. சாவி இல்லாமல் அந்தப் பூட்டை உடைக்க முடியாது. ஆனால் அட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். சாவியை உருவாக்கப் பயன்பட்ட இரண்டு பகா எண்கள் சில பழைய விண்டோஸ் கணினிகளின் நினைவகத்தில் இன்னும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சாவியை மறுபடி செய்ய ஒரு நிரல் எழுதினார். பெஞ்சமின் டெல்பி என்ற இன்னொருவர் அதை மேலும் சில கணினிகளுக்கு விரிவாக்கினார். நிபந்தனை என்ன தெரியுமா? கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்கியிருக்கக் கூடாது. தொடங்கினால் நினைவகம் வெறுமையாகிவிடும்.

மிலானில் நிறுத்தியவர்கள் தப்பினார்கள். வன்னாக்ரையில் நிறுத்தியவர்கள் சாவியை இழந்தார்கள். அப்படியென்றால் எது சரி? வந்தது என்ன என்று தெரிவதற்கு முன் கை வைக்காமல் இருப்பதுதான் சரி. வலையமைப்பில் இருந்து கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். வன்தட்டை அப்படியே ஒரு முழுப்பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் பரிசோதனை செய்யுங்கள். துடைப்பது எப்போதும் கடைசி வேலை. அதை நாளைக்கும் செய்யலாம். ஆனால் துடைத்ததை நாளைக்குத் திருப்ப முடியாது.

பிஸ்கட் ரின்னுக்குள் ஒரு புளொப்பி

பெரியப்பா 1999இலேயே பட்டியலை மறுபடி தொடங்கினார். இந்த முறை கணினி வேண்டாம் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில். நூற்றைம்பது குடும்பம் வரை எழுதினார். அதற்குள் சிலர் வீடு மாறியிருந்தார்கள், சிலர் இறந்துபோயிருந்தார்கள். பிறகு அவருக்கும் வருத்தம் வந்தது. 2011இல் காலமானார்.

2018இல் பெரியம்மா தையல் சாமான் போடும் பிஸ்கட் ரின்னை ஒதுக்கும்போது அடியில் ஒரு புளொப்பி கிடந்தது. ஒட்டியிருந்த தாளில் பெரியப்பாவின் கையெழுத்தில் ‘ஊர்’ என்று மட்டும் இருந்தது. வைரஸ் வருவதற்கு முன்பே அவர் ஒரு பிரதி எடுத்து வைத்து மறந்துவிட்டார் போலும்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. எழுத முடியாதபடி புளொப்பியின் மூலையில் உள்ள சிறு கதவைத் திறந்தேன். பழைய புளொப்பி ட்ரைவ் ஒன்றை வாங்கி, ‘டீடீ-ரெஸ்க்யூ’ என்ற இலவச நிரலால் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் நிரல் அது. இரவு முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் கோப்பின் முன்பகுதி வந்திருந்தது. பின்பகுதி இல்லை, பூசணம் தின்றிருந்தது.

திறந்து பார்த்த என் மச்சாள், “இது முழுக்கக் குப்பையடா, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக் கிடக்கு” என்றாள். எனக்கும் ஒரு கணம் மனம் விட்டுப்போனது. பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த கடதாசி ஞாபகம் வந்தது. பாமினி! அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் இருக்கும். ஒருங்குறியாக மாற்றிக் கொடுக்கும் நிரலில் போட்டோம். ஊர் வந்தது. செல்லம்மா, கந்தசாமி, கோயிலடி, லா சப்பல், ஸ்காபுரோ...

ஆனால் எக்செல் 97இன் ஒரு சிக்கனப் பழக்கம் எங்களைப் பிடித்துக்கொண்டது. அது கோப்பில் உள்ள சொற்களை எல்லாம் முன்பகுதியில் ஒரே பட்டியலாக வைக்கும். ஒரே சொல் நூறு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் எழுதும். எந்தக் கலத்தில் எந்தச் சொல் என்பது பின்பகுதியில் இருக்கும். எங்களிடம் இருந்தது முன்பகுதி மட்டும். ஊரில் எத்தனை கந்தசாமி இருந்தாலும் பட்டியலில் ஒரு கந்தசாமி. ‘கனடா’ என்பது ஒரே ஒரு தடவை. தொலைபேசி இலக்கங்களைப் பெரியப்பா எண்களாகத் தட்டியிருந்தார். எண்கள் சொற்பட்டியலில் சேராது. அவை கலங்களோடு போய்விட்டன.

பெரியம்மாவும் மச்சாளும் நானும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் இருந்தோம். ஒரு பக்கம் சொற்பட்டியல், மறுபக்கம் சீ.ஆர். கொப்பி. சொற்கள் பெரும்பாலும் தட்டிய வரிசையிலேயே இருந்தது உதவியது. ஒரு பெயரை அடுத்து ஒரு தெருவின் பெயர் வந்தால், “ஓ, அது சின்னத்தங்கத்தின்ர மூத்தவள், ஜேர்மனிக்குப் போனவள்” என்று பெரியம்மா சொல்லுவா. ஒருவரைப் பிடித்தால் அவர் இன்னும் இரண்டு பேரைச் சொல்லுவார். இப்படி 287 குடும்பங்களைத் திரும்பச் சேர்த்தோம். மிச்சம் 125 குடும்பங்களின் பெயர்கள் அந்தச் சொற்களுக்குள்தான் எங்கேயோ இருக்கின்றன. எது யாருடையது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பெரியப்பா.

இன்றைய எக்செல் கோப்பு வேறு மாதிரி. 2007இல் இருந்து அது உண்மையில் ஒரு ‘சிப்’ பொதி. கெட்டுப்போன கோப்பின் பிரதி ஒன்றுக்குப் பெயரின் வாலைச் ‘சிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். தாள்கள் ஒரு அடைவில், சொற்பட்டியல் தனியாக ஒரு கோப்பில், எல்லாம் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். சொற்களையும் கலங்களையும் பிரித்து வைக்கும் பழைய பழக்கத்தை மட்டும் அது விடவில்லை. எக்செல்லிலேயே ‘திறந்து பழுதுபார்’ என்று ஒரு வசதியும் உண்டு. அதையும் பிரதியில் மட்டும் செய்து பாருங்கள், மூலத்தில் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். தாத்தா தட்டி வைத்த பரம்பரைப் பட்டியல், அம்மாவின் சீட்டுக் கணக்கு, கோயில் உபயகாரரின் பெயர்கள். இந்தச் சனிக்கிழமை அதைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று கணினியோடு எப்போதும் இணைந்திராத இடமாக இருக்கட்டும். அப்படியே அதைத் தட்டியவருக்குப் பக்கத்தில் இருந்து, எந்தப் பெயர் யார் என்று ஒரு தடவை கேட்டும் வையுங்கள். அந்தப் பகுதியை மீட்டுத் தர இதுவரை யாரும் ஒரு நிரல் எழுதவில்லை.